கியர் பாக்ஸ் சூடாக இருபது நிமிடம்

உங்கள் வாசலில் லாரி வந்து நின்று சரக்கு இறங்கியதும் ஒரு சீட்டில் கையெழுத்துப் போடுகிறீர்களே, அந்தச் சீட்டின் பின்பக்கத்தை ஒரு முறையாவது படித்திருக்கிறீர்களா?

நான் படித்ததில்லை. பதினான்கு வருடமாக அச்சகம் நடத்துகிறேன். அடுத்தவர் எழுதிய வரியில் ஒரு புள்ளி விடுபட்டிருந்தாலும் என் கண் நேரே அங்கே போய் நிற்கும். வாராவாரம் காகிதக் கட்டுகளை இறக்கிக்கொண்டு நான் கையெழுத்திட்ட சீட்டின் பின்பக்கம் மட்டும் என் கண்ணில் படவேயில்லை. அதற்கான தண்டனையை வேறொருவர் அனுபவிக்கிறார்.

அவர் லாரி டிரைவர். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சரக்கு கம்பெனி யார்டில் அவரை ‘இருபது நிமிஷம்’ என்று கூப்பிடுவார்கள். காலை ஆறு மணிக்கு யார்டில் சாவி கொடுப்பார்கள். மற்ற டிரைவர்கள் சாவியை வாங்கி, வண்டியைக் கிளப்பி, கியரைத் தட்டி, ஐந்தாவது நிமிடம் கேட்டைத் தாண்டியிருப்பார்கள். இவர் எஞ்சினைப் போட்டுவிட்டு நியூட்ரலில் அப்படியே உட்கார்ந்திருப்பார். எதிரே ஆயிலின் சூட்டைக் காட்டும் ஒரு சின்ன முள். அதைப் பார்த்தபடி இருபது நிமிடம்.

“என்ன மாப்ளே, பொண்ணு பாக்கப் போறியா? இன்னும் அலங்காரம் முடியலையா?”

“முடியல மச்சான். உன் வண்டிக்கும் கொஞ்சம் பவுடர் போட்டுட்டுப் போ. பாதி வழியில மூஞ்சி வெளிறிடப் போகுது.”

இதைச் சொன்ன இரண்டாவது வாரம் அந்த மச்சானின் வண்டி பாதி வழியில் நின்றது என்பது வேறு கதை.

விஷயம் இதுதான். பழைய லாரிகளில் கியரைக் கையால் போட வேண்டும். புது லாரிகளில் அது தானாக விழும். அந்த வேலையைச் செய்வது கியர் பாக்ஸுக்குள் ஓடும் ஆயில். பூஜ்யத்துக்குக் கீழே இருபது, இருபத்தைந்து டிகிரிக்குக் குளிர் இறங்கினால் அந்த ஆயில் ஆறிப்போன பாகு மாதிரி கெட்டியாகிவிடும். ஊசி போன்ற துளைகளில் நுழையாது. உள்ளே ஒன்றையொன்று இறுகப் பிடிக்க வேண்டிய தட்டுகள் பிடி கிடைக்காமல் வழுக்கித் தேயும், தேய்ந்து கருகும். ஆகவே இவ்வளவு குளிருக்குக் கீழே போனால் எஞ்சினைப் போட்டு, கியரில் போடாமல் இருபது நிமிடம் விடுங்கள், அதன் பிறகும் முதல் பத்து கிலோமீட்டர் மெதுவாகப் போங்கள் என்று வண்டியோடு வந்த புத்தகத்திலேயே அச்சடித்திருக்கிறது. யார்டில் இருந்த நாற்பது டிரைவர்களில் அந்தப் புத்தகத்தைப் பிரித்தவர் இவர் ஒருவர்.

இருபது நிமிடம் முன்னதாக வந்து சூடு பண்ணிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அவர் வந்தார். ஐந்தரைக்கே வந்து நிற்பார். சாவிப்பெட்டியின் பூட்டு ஆறு மணிக்குத்தான் திறக்கும். “நிக்கற வண்டியில டீசல் எரிச்சா அது திருட்டுய்யா” என்பது சூப்பர்வைசரின் சட்டம். ஆயில் தொட்டிக்கு அடியில் ஒட்டிவைக்க மின்சாரச் சூட்டுத் தகடு உண்டு; ராத்திரி ஒரு பிளக்கில் மாட்டிவிட்டால் காலையில் ஆயில் இளகித் தயாராக இருக்கும். அதையும் கேட்டார். கிடைக்கவில்லை. இல்லை என்று சொன்ன அலுவலக அறையில் மூன்று ஹீட்டர் எரிந்துகொண்டிருந்ததாம்.

அந்த யார்டில் ‘சாபம்’ என்று ஒரு லாரி இருந்தது. இரண்டு குளிர்காலத்துக்குள் மூன்று கியர் பாக்ஸ் போன வண்டி. அதைத் தொட்ட டிரைவருக்கு வீட்டில் நல்லது நடக்காது என்று பேச்சு. ஒருவருக்குக் கால் முறிந்ததற்கும் இன்னொருவரின் மாமனார் செத்ததற்கும் அந்த லாரியே காரணம். மாமனாருக்கு வயது எண்பத்தொன்பது என்பதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. படித்த சூப்பர்வைசரே நம்பினார். இவர் போய், எனக்கு அந்த வண்டியைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினார். வாங்கியதும் முதல் வேலையாக அது எங்கே நிற்கிறது என்று பார்த்தார். வரிசையின் கடைசியில், கேட்டுக்கு நேர் எதிரே, மூக்கைக் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டு நின்றது. ராத்திரி முழுக்க அடிக்கும் பனிக்காற்று நேராக அதன் முகப்பில், ஆயிலை ஆற்றும் கூலரில் போய் இறங்கியது. மற்ற வண்டிகளைவிட அதன் ஆயில் காலையில் ஏழு டிகிரி கூடுதலாகக் குளிர்ந்திருந்ததை அளந்து நோட்டில் எழுதினார். வண்டியைத் திருப்பி நிறுத்தினார். கூலருக்கு முன்னால் ஓர் அட்டையை வெட்டிக் கட்டினார். சாபம் தீர்ந்தது.

“உன் ராசி நல்ல ராசிய்யா” என்றாராம் சூப்பர்வைசர்.

“ராசி இல்ல சார், காத்து.”

இந்தப் பதிலை அவர் மன்னிக்கவில்லை.

எங்கள் ஊருக்குக் காகிதம் கொண்டுவந்தது அந்த லாரிதான். ஆறு மணிக்குக் கிளம்பி, மலை ஏறி இறங்கி, வியாழக்கிழமை ஒரு மணிக்கு என் அச்சகத்தின் பின்வாசலுக்கு வரும். ஒரு மணிக்குச் சரியாக இன்னொருவரும் வருவார். பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் பார்க்கிறவர். வெள்ளைக் கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு, ஒரு நீல பிளாஸ்க்கோடு நிற்பார். டிரைவரின் மனைவி.

கல்யாணமாகிப் பதினோரு வருடம். அதில் ஆறு வருடம் மலைக்கு இரண்டு பக்கமும். அவர் வேலை பார்க்கும் ஊரில் இந்த அம்மாவுக்கு வேலை இல்லை. விண்ணப்பம் போட்டு அலுத்துவிட்டார். இங்கே டிரைவருக்கு லாரி வேலை இல்லை. மற்ற மாதங்களில் விடுமுறைக்கு பஸ் ஏறி வந்துவிடுவார். பனி விழுந்தால் பஸ் நின்றுவிடும், கனரக வண்டி மட்டும்தான் மலை ஏறும். ஆக, குளிர்காலம் நான்கு மாதமும் அவர்களுக்கு இருந்தது வியாழக்கிழமை ஒரு மணியிலிருந்து ஒன்று நாற்பது வரை. அந்த அம்மாவுக்குச் சாப்பாட்டு இடைவேளை அவ்வளவுதான்.

கட்டுகள் இறங்கிக்கொண்டிருக்கும். இரண்டு பேரும் முன்னால் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்வார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்தினால் ஆயில் ஆறிவிடும். கண்ணாடி ஆவி படிந்து வெளுத்துவிடும். உள்ளே இரண்டு நிழல். ஒரு நிழல் கையை ஆட்டி ஆட்டிப் பேசும், இன்னொன்று தலையாட்டும். சில சமயம் ஒரு விரல் கண்ணாடியில் ஏதோ கோடு இழுக்கும். ஒரு நாள் கிட்டப் போய்ப் பார்த்தேன். வீட்டின் வரைபடம். இங்கே ஜன்னல், இங்கே அடுப்பு, இங்கே கட்டில். அவர்கள் இருவரும் சேர்ந்து குடியிருக்காத வீடு.

“என்னைவிட அந்த முள்ளைத்தான் அதிகமாப் பாக்கறார் அக்கா” என்பார் அந்த அம்மா இறங்கும்போது. “பேசிக்கிட்டே இருப்பேன், கண்ணு அங்க போயிடும்.”

“பொறாமைக்கா. அவ ரத்தத்தைக் குளிர்ல வெச்சுக் காப்பாத்தறா, நான் ஆயிலைச் சூட்டுல வெச்சுக் காப்பாத்தறேன். ரெண்டும் ஒரே உத்தியோகம்.”

“ஆமா, ஒரே உத்தியோகம். நடுவுலதான் ஒரு மலை.”

சிரிப்பார்கள். அவர் படியிலிருந்து இறங்கிய பிறகும் டிரைவரின் கை கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருக்கும். நான் ஜன்னலில் இருந்து பார்ப்பேன். பார்த்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

எங்கள் ஊரில் அந்த கம்பெனிக்குச் சின்னக் கிடங்கு ஒன்று உண்டு. அங்கே தங்கி ஓட்ட ஒரு டிரைவர் வேண்டும். இவர் விண்ணப்பித்திருந்தார். நிபந்தனை ஒன்றே ஒன்று: பன்னிரண்டு மாதத்துக்குள் ‘ஓட்டுநர் தாமதம்’ என்ற குறிப்பு மூன்று விழக்கூடாது. குறிப்பு எழுதுவது கம்பெனி இல்லை. சரக்கு வாங்குகிறவர். சீட்டில் ‘தாமதத்துக்குக் காரணம்’ என்று ஒரு காலிக் கட்டம் இருக்கிறது. அதில் ஓட்டுநர்மேல் பழி வருகிற மாதிரி எதையாவது எழுதினால் அது ஒரு குறிப்பு. டிரைவர் அதில் பேனா வைக்கக்கூடாது. வாங்குகிறவரிடம் கேட்டுக்கொள்ளவும் கம்பெனியைக் குறை சொல்லவும் கூடாது. இவையெல்லாம் பொடி எழுத்தில் சீட்டின் பின்பக்கம் இருக்கின்றன.

பதினோரு மாதம் முடிந்தபோது வேறு வாசல்களில் இரண்டு குறிப்பு விழுந்திருந்தது. இரண்டும் கடுங்குளிர் நாட்கள். சாதாரணக் குளிரில் அந்த இருபது நிமிடத்தைச் சாலையில் ஈடுகட்டிவிடுவார். கடுங்குளிரில் அது முடியாது.

அந்தக் கடைசி மாதத்தின் இரண்டாவது வியாழன். மலைக்கு அந்தப் பக்கம் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது. அவர் சாவியை வாங்கி, எஞ்சினைப் போட்டார். முள் அசையவில்லை. ஐந்து நிமிடம். எட்டு நிமிடம். நான்கு வருடமாக மாற்றாத பழக்கத்தை எட்டாவது நிமிடத்தில் மாற்றினார். கியரில் போட்டுக் கிளம்பினார்.

ஆனால் அவர் கணக்கில்லாமல் கிளம்பவில்லை. கூலருக்கு முன்னால் கட்டிய அட்டையை வழக்கமாக யார்டிலேயே பாதி மடித்துவிடுவார். அன்று முழுசாக விட்டார். காற்று படாவிட்டால் ஓட்டத்திலேயே ஆயில் சீக்கிரம் சூடாகும். மலை அடிவாரத்தில் நிறுத்தி அட்டையை அவிழ்த்துவிட்டு ஏறலாம். சரியான யோசனைதான். முதல் ஐம்பது கிலோமீட்டர் பூப்போல ஓட்டினார். முள் ஏறியது. தட்டுகள் பிழைத்தன. அடிவாரத்துக்கு வந்தபோது கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் நான்கு நிமிடம் பிந்தியிருந்தது. வண்டியை நிறுத்தி, கையுறையைக் கழற்றி, உறைந்த கயிற்று முடிச்சை அவிழ்க்க ஆறு நிமிடமாவது ஆகும். முள் நல்ல இடத்தில்தான் இருந்தது. அவர் நிறுத்தவில்லை.

முழுப் பாரத்தோடு மலை ஏறும் லாரியின் கியர் பாக்ஸ் அடுப்பு மாதிரி. அந்தச் சூட்டை வெளியே விடத்தான் கூலர். அதன் வாயை அவரே பொத்தியிருந்தார். உச்சிக்கு இரண்டு வளைவு இருக்கும்போது சிவப்பு விளக்கு எரிந்தது. மூச்சு விட்டால் பனியாகும் இடத்தில், வண்டி கொதித்து நின்றது. அட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டு, ஆயில் ஆறும்வரை மூன்று மணி நேரம் அதன் பக்கத்தில் நின்றார். அங்கிருந்து எங்கள் ஊரின் ஆஸ்பத்திரிக் கூரை தெரியும். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது.

அன்று என் அச்சகத்தில் எட்டு பேர் கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். பள்ளித் தேர்வுத் தாள் அச்சடிக்க வேண்டும், காகிதம் இல்லை. அந்த அம்மா ஒரு மணிக்கு வந்தார். பின்வாசலில் நின்றார். குளிர் தாங்காது என்று உள்ளே கூப்பிட்டு, வெட்டு இயந்திரத்தின் பக்கத்தில் ஸ்டூல் போட்டேன்.

“அங்க இன்னைக்கு முப்பதாம் அக்கா. வண்டி சூடாக நேரமாகும். காலையில போன்ல, நின்னு நிதானமா வாங்கன்னுதான் சொன்னேன்.”

காதில் விழுந்தது. அவ்வளவுதான். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று நாற்பதுக்கு அவர் எழுந்தார். பிறகு உட்கார்ந்தார். ஒன்று நாற்பத்தைந்துக்கு மறுபடி எழுந்து, பிளாஸ்க்கை மேசையில் வைத்தார். “வந்தா குடுத்துடுங்க. மூடியை இறுக்கி வெச்சிருக்கேன், ஆறாது.” தெருமுனைவரைக்கும் மலைப்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனார்.

லாரி நாலு பத்துக்கு வந்தது.

“ஏன் இவ்வளவு நேரம்?”

“வண்டி சூடாயிடுச்சுக்கா.”

“இந்தக் குளிர்லயா? காதுல பூ சுத்தாதீங்க.”

“நெஜமாத்தான். மேல போய்க் கொதிச்சிடுச்சு.” பின்வாசலைப் பார்த்தார். “அவ வந்தாளா?”

“வந்தாங்க, போயிட்டாங்க. உங்களுக்காக ஊரே காத்திருக்க முடியுமா?”

சீட்டை வாங்கினேன். காலிக் கட்டத்தில் ‘ஓட்டுநரின் கவனக்குறைவு’ என்று அழகான கையெழுத்தில், ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதினேன். அவர் படித்தார். நான்காக மடித்தார். “சரிக்கா” என்றார். பிளாஸ்க்கைத் திறந்து ஒரு மூடி டீயை ஊற்றினார். ஆவி வந்தது. குடித்து முடிக்கும்வரை அந்த ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டினால் மலைப்பாதையை அடைத்துவிடுவார்கள், உடனே கிளம்பிவிட்டார்.

அடுத்த வியாழன் வேறொரு டிரைவர் வந்தார். கேட்டேன். அவர் சீட்டைத் திருப்பிப் போட்டு, விரலால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். “மூணாவது உங்க கையிலதான் விழுந்துச்சு. அவரை எதிர்ப்பக்கம், சமவெளி ரூட்டுக்கு மாத்திட்டாங்க.”

போன் போட்டேன். கடிதம் எழுதினேன். என் குறிப்பைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். பனி இளகியதும் நேரிலேயே போனேன்.

“எழுதினது நீங்கம்மா” என்றார் சூப்பர்வைசர், ஹீட்டரில் குளிர்காய்ந்தபடி. “நாங்க அவர்மேல ஒரு வார்த்தை சொன்னோமா? கையெழுத்துப் போட்டதை மாத்த விதியில்ல.”

பாருங்கள் நேர்த்தியை. சாவிப்பெட்டியைப் பூட்டுவது அவர்கள். சூட்டுத் தகடு வாங்க மறுப்பது அவர்கள். எட்டு மணி நேரம் காற்றில் உறைந்த ஆயிலை ஐந்தே நிமிடத்தில் இளகச் சொல்வதும் அவர்கள். தண்டனை எழுதுவது மட்டும் நாம். அவர்கள் கையில் மசி படுவதேயில்லை. ஆயிலுக்கு மேலதிகாரி கிடையாது என்ற எளிய உண்மையை அந்த அலுவலகத்தில் ஒருவர்கூட ஏற்றுக்கொள்ளத் தயாராக இல்லை.

அவரை யார்டில் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன்.

“விடுங்கக்கா. அட்டையை அவுக்காதது நான்தானே? நீங்க எழுதினது பொய்யில்ல.”

“ஏன் அவுக்கலன்னு நான் கேட்கலையே.”

“கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டேன். சீட்டு விதி அப்படி.” சிரித்தார். “ஆறு நிமிஷம் மிச்சம் பிடிச்சா அவளை ஆறு நிமிஷம் கூடப் பாக்கலாம்னு ஒரு புத்தி. இத்தனை வருஷம் ஆயிலைப் படிச்சேன், அந்தப் புத்தியைப் படிக்கல.”

அவருடைய நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் வெளிக்குளிர், கிளம்பும்போது ஆயில், இருபது நிமிடத்துக்குப் பிறகு, அடிவாரத்தில், உச்சியில். கடைசிப் பத்தியில் வியாழக்கிழமைகளில் மட்டும் இரண்டு எண்கள்: 1.04, 1.41. 1.02, 1.40. 1.11, 1.40. அந்த நாளுக்கு எதிரே அந்தப் பத்தி காலியாக இருக்கிறது. அதற்குப் பிறகு எல்லாப் பக்கத்திலும் காலி. பத்தியைக் கோடு போட்டு வைத்திருக்கிறார், எடுத்துவிடவில்லை.

எங்கள் ஊர்க் கிடங்கில் அந்த வேலை இன்னும் நிரப்பப்படவில்லை. அவர் மறுபடி விண்ணப்பித்திருக்கிறார். பன்னிரண்டு மாதம் முதலிலிருந்து தொடங்கியது, எட்டு முடிந்திருக்கிறது. ஒரு குறிப்பு விழுந்திருக்கிறது. மீதி நான்கு மாதம்தான் குளிர்காலம். நீல பிளாஸ்க் என் மேசையில்தான் இருக்கிறது. எடுத்துப் போங்கள் என்றேன். “இங்கயே இருக்கட்டும் அக்கா” என்றார் அந்த அம்மா. “அவர் வர்றப்ப வேணும்ல?” வியாழக்கிழமை ஒரு மணிக்கு அவர் இன்னமும் எங்கள் தெரு வழியாகத்தான் சாப்பிடப் போகிறார். ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே சாப்பாட்டுக் கடை இருக்கிறது.

அவருடைய லாரி இப்போது என் வாசலுக்கு வருவதில்லை. அந்தச் சீட்டு என் கைக்கு வராது. சமவெளியில் எந்த ஊரோ, எந்தக் கடையோ, எந்தப் பள்ளியோ, அங்கே யாரோ கையெழுத்துப் போடுகிறார்கள். அது நீங்களாக இருக்கலாம். இந்தக் குளிரில் உங்கள் வாசலுக்கு ஒரு லாரி தாமதமாக வந்தால், கடிகாரத்தைப் பார்த்த கண்ணால் டிரைவரின் முகத்தையும் பாருங்கள். காலையில் வண்டி சூடாக எவ்வளவு நேரம் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லாவிட்டால் சீட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். பிறகு அந்தக் காலிக் கட்டத்தில் ‘குளிர்’ என்று மூன்றே எழுத்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.